பதின்மூன்று

கொழும்பில் நிலவறை தோண்டினால்
மூன்றாம் முழத்திலேயே பேரை வாவி வந்து எட்டிப்பார்க்கும்.
அதனால் எங்கள் வைன் அறை இருப்பது நாலாம் மாடியில்,
சலவைக்கூடத்துக்கு அடுத்த கதவு.
அங்கே குளிரைத் தருவது மண் அல்ல,
மின்சார சபை, மாதக் கட்டணத்துக்கு.

சுவரில் ஒரு மானி: பதின்மூன்று பாகை.
ஒன்பது வருடமாக
காலையில் நான் முதலில் பார்க்கும் முகம்.

பதிவேட்டில் ஆண்டு என்று ஒரு நிரல் உண்டு.
அது வெறும் இலக்கமில்லை என்பதைப்
போத்தல்களிடமிருந்துதான் படித்தேன்.
இரண்டாயிரத்து மூன்று:
அந்தக் கோடையில் அங்கே மன்னார் வெயில் அடித்ததாம்.
பழம் கொடியிலேயே வற்றி, தோல் தடித்து,
குடித்தால்
பனங்கட்டி போட்டுக் காய்ச்சிய நாவற்பழம்.
இரண்டாயிரத்துப் பதின்மூன்று:
பூக்கிற கிழமை பார்த்து மழை.
பாதிப் பூ காயாகவில்லை.
மெலிந்த வைன், விளிம்பில் வெரளிக்காய்ப் புளிப்பு.
பக்கத்துத் தோட்டக்காரர் சீனி கொட்டி மறைத்தாராம்,
இவர் மறைக்கவில்லை.
கண்டதில்லை என்றாலும் எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கும்.

வானம் பாதி. மீதி,
கதவைச் சாத்திய பிறகு ஒருவர் எடுக்கும் முடிவு:
தோலைச் சாற்றில் எத்தனை நாள் ஊறவிடுவது,
காம்பைக் கிள்ளுவதா விடுவதா,
பீப்பாய் புதிதா, வாசம் தீர்ந்த பழசா.
தேயிலைச் சாயம் ஊற்றிய எவருக்கும் இது விளங்கும்.
கொஞ்சம் பிந்தினால் நாக்கில் துவர்ப்பு ஏறும்.
தேத்தண்ணி என்றால் பால்மா மன்னித்துவிடும்.
வைனுக்குப் பால்மா இல்லை.

அந்த வருடம்
தேத்தண்ணிக்கும் இருக்கவில்லை.
காஸ் இல்லை. கறண்ட்,
ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம் இல்லை.
ஜெனரேட்டருக்கு டீசலை மருந்து மாதிரி அளந்து ஊற்றினார்கள்.
வீரக்கொடி சேர் படியேறி வந்து, மூச்சு வாங்கக் கேட்டார்:
"பெர்னதெத், மீனா வைனா?"
மீன் என்றேன்.
நூற்று எண்பது பேருக்குக் கல்யாண ஓடர் இருந்தது,
வேறென்ன சொல்ல.

மானி ஏறியது. பதினெட்டு. இருபத்துநான்கு.
புதுவருடத்தன்று முப்பத்தொன்று.
சலவைக்கூடத்தில் துவாய் கடன் வாங்கி
நனைத்துப் போர்த்தினேன்,
அறை காய்ச்சல் வார்டு மாதிரி ஆனது.
பத்தாம் நாள்
தக்கைகள் நகக்கண் அளவு எழும்பி நின்றன.
கழுத்துகளில் சிவப்பாய் வியர்வை.

"யாருக்குத் தெரியப்போகிறது" என்றார் சேர்.
விலைப்பட்டியலில் ஒரு ரூபாய் குறையவில்லை.

ஆவணியில், ஏழாம் மேசையில்,
திருமதி யோன்க்ளாஸ், தனியே.
கேட்டது இரண்டாயிரத்துப் பதின்மூன்று.
ஊற்றினேன்.
முகர்ந்தார், ஒரு வாய் குடித்தார், கிண்ணத்தைத் தள்ளிவைத்தார்.
"இது எந்த வருடம்?"
லேபிளைத் திருப்பிக் காட்டினேன்.
"லேபிளைக் கேட்கவில்லை, மகள்."

சேர் பஃபே அருகில் நின்றார்.
நான் சொன்னேன்:
இரண்டு வருடம் இருக்கிறது, மெடம்.
ஒன்று அங்கத்தைய மழை.
மற்றது இரண்டாயிரத்து இருபத்திரண்டு,
கொழும்பு, நாலாம் மாடி.

அவர் சிரிக்கவில்லை.
"மழைக்காரனுக்குக் கடைசியில் வெயில் கிடைத்திருக்கிறது" என்றார்,
"ஆனால் பழம் வெந்துபோச்சு."
பாதியை வைத்துவிட்டு முழுக்காசும் கட்டினார்.
மிச்சம் குசினிக்குப் போனது,
மாட்டிறைச்சிக் குழம்புக்கு.
குழம்பு நன்றாக இருந்தது, அதையும் எழுதத்தான் வேண்டும்.

அன்றிரவு பதிவேட்டில்
ஆண்டுக்குப் பக்கத்தில் இன்னொரு நிரல் கீறினேன்.
தலைப்புப் போடவில்லை.
அரக்குத்தோல் அறுந்தவை, வியர்த்தவை, தப்பியவை.
தப்பியவை பதினொன்று, அடித்தட்டில், சுவரோடு ஒட்டி.
சேர் மாதக்கடைசியில் கையெழுத்து வைத்தார்,
அந்த நிரலில் பேனை ஒரு கணம் நின்றது.

இப்போது மானி
திரும்பவும் பதின்மூன்று காட்டுகிறது.
காலையில் கதவைத் திறந்ததும்
தக்கைகளைத்தான் முதலில் தடவிப் பார்க்கிறேன்.